ஆராதனையில் "ஒன்றும் உணரவில்லை" என்கிறார்கள்: ஆராதனை எதற்காக, அதை எப்படிப் பழகுவது? (இணைய மன்றத் திரி; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பாலக்கோடு வாசகர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன சபை. ஞாயிறு வந்தால் 40, 45 பேர். பாதி வீடுகளில் ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலை, இல்லையென்றால் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஊரில் இருந்தால் பெரிது.

வாலிபர் கூட்டத்தில் ஒரே வாக்குவாதம். "ஆராதனைக்கு வந்தேன், ஒன்றும் உணரவில்லை, பிறகு எதற்கு வரணும்?" என்று ஒரு பக்கம். "நீ உணர்வதற்கா வந்தாய், தேவனுக்குத் துதி செலுத்த வந்தாய்" என்று இன்னொரு பக்கம். அப்படியென்றால் தேவனுக்கு நம் துதி தேவையா என்று மூன்றாவது கேள்வி வந்து நிற்கிறது. தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு என்று 1 தீமோத்தேயு 4:7 சொல்வதால் ஜெபமும் உபவாசமும் பயிற்சி என்பது புரிகிறது. சபையாகக் கூடி ஆராதிப்பது எப்படிப் பயிற்சி ஆகும்?

எங்கள் நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். துதிப்பாடல் 50 நிமிஷம், சாட்சி 20, பிரசங்கம் 45, அறிவிப்பு 15, வேதவாசிப்பு 3, கடைசி ஜெபம் 2. மொத்தம் இரண்டே கால் மணி. இதில் எதைக் குறைக்கலாம், எதைக் கூட்டலாம்? வர முடியாத ஷிப்ட்காரர்களுக்கு என்ன செய்யலாம்? அனுபவக் கதைகள் வேண்டாம், செய்முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒழுங்குமுறை:

தேவனுக்கு நம் துதி தேவைப்படவில்லை. சங்கீதம் 50:12 நேராகவே சொல்கிறது: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே." அதே சங்கீதம் இரண்டு வசனம் தள்ளி ஸ்தோத்திரபலியிடச் சொல்கிறது. தேவையில்லாதவருக்கு ஏன் பலி? அது அவருக்கு உரியது, அதனால். வயதான அப்பாவுக்கு மரியாதை கொடுப்பது அவருக்கு அது பற்றாக்குறை என்பதாலா? நம்மில் வரும் மாற்றம் ஆராதனையின் பலன்தான், நோக்கம் அதுவல்ல. பலனையே குறிவைத்து ஆராதித்தால் கண் நம்மேலேயே இருக்கும். 2 கொரிந்தியர் 3:18 சொல்லும் மறுரூபம் கர்த்தருடைய மகிமையைக் காண்கிறவர்களுக்கு வருவது, தன் மனநிலையை அளந்துகொண்டிருப்பவர்களுக்கு வருவதல்ல.

பயிற்சி என்பதற்கு வருகிறேன். உணர்வுக்குக் கட்டளையிட முடியாது. கால், முழங்கால், நாக்கு, காது, நேரம், பணம், இவற்றுக்கு இட முடியும். ரோமர் 12:1 "உங்கள் சரீரங்களை" ஒப்புக்கொடுக்கச் சொல்லிவிட்டு, அதைத்தான் புத்தியுள்ள ஆராதனை என்கிறது. ஆராதனை ஒழுங்கின் ஒவ்வொரு பாகமும், தன் போக்கில் விட்டால் மனுஷன் செய்யாத ஒன்றைச் செய்ய வைக்கிறது. தானாக யாரும் தப்பை ஒத்துக்கொள்வதில்லை; பாவ அறிக்கை வாரம் ஒருமுறை அதைச் சொல்ல வைக்கிறது. தனக்குப் பிடித்த பத்து வசனத்தைத் தாண்டி யாரும் வாசிப்பதில்லை. அட்டவணைப்படி வாசிப்பு பிடிக்காத பகுதியையும் கேட்க வைக்கிறது. தன் வீட்டுக்காக எல்லோரும் ஜெபிப்பார்கள். பரிந்துபேசும் ஜெபம் அடுத்த ஊர்க்காரனுக்காக வாய் திறக்க வைக்கிறது. காணிக்கை கையைத் திறக்க வைக்கிறது. உங்கள் நேரக் கணக்கில் இந்த நான்கில் மூன்று இல்லவே இல்லை, வாசிப்புக்கு 3 நிமிஷம். வாலிபர்கள் ஒன்றும் உணராததில் ஆச்சரியம் என்ன?

திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிர்வது) உள்ள ஞாயிறுக்கு 90 நிமிஷம் போதும். அழைப்பு வசனமும் முதல் பாட்டும் 7 நிமிஷம். பாவ அறிக்கை, மௌனத்தோடு சேர்த்து 5. பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் எல்லாம் சேர்த்து 12. பிரசங்கம் 25. விசுவாசப்பிரமாணம் (நம் விசுவாசத்தைச் சுருக்கமாக எல்லோரும் சேர்ந்து சொல்வது) 2. பரிந்துபேசும் ஜெபம் 8. சமாதானம் கூறுதலும் காணிக்கையும் பாட்டோடு 8. திருவிருந்து 45 பேருக்கு 20. அறிவிப்பு 3, உடனே ஆசீர்வாதம். சாட்சி வேண்டுமானால் மாதம் ஒருமுறை, ஒருவர், 4 நிமிஷம், பிரசங்கத்துக்கு முன்னால் அல்ல, பின்னால். திருவிருந்து இல்லாத வாரம் அந்த 20-ஐப் பாட்டுக்கும் சாட்சிக்கும் கொடுங்கள். பிரசங்கத்துக்குக் கொடுக்காதீர்கள், திரும்ப வாங்க முடியாது.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. வாசிப்பவர் மேடையேறும்போதுதான் பகுதியை முதல்முறை பார்க்கிறார். புதன்கிழமையே பகுதியைக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் மூன்று தடவை சத்தமாக வாசிக்கட்டும். பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் வாக்கியங்கள் நீளம். அரைப்புள்ளி வரும் இடத்தில் மூச்சு விட்டால்தான் கேட்பவருக்குப் பொருள் பிரியும். அடுத்து, பரிந்துபேசும் ஜெபம் இரண்டாவது பிரசங்கமாகிவிடுகிறது. தேவனுக்குச் செய்தி அறிவிப்பதைப்போல விவரம் அடுக்காமல், ஒரு விஷயம், ஒரு வாக்கியம், சபையின் மறுமொழி என்று போக வேண்டும். மூன்றாவது, மௌனம். மௌனமாக இருப்போம் என்று போதகர் சொன்ன நொடியில் கீபோர்டு மெதுவாக ஆரம்பித்துவிடும். பிறகு அது மௌனமா?

சமாதானம் கூறுதலைச் சடங்காக்கிவிடாதீர்கள். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு எழுதப்பட்ட திருவிருந்து ஒழுங்கு, 1950-ல் அதன் சினாட்டில் (பொதுப்பேரவையில்) முதன்முதலாகப் பயன்பட்டது. அதில் சமாதானத்தைக் கையோடு கையாகக் கடத்தும் முறையைச் சேர்த்தார்கள். அது கேரளத்தின் பழைய சுரியானி சபைகளிடமிருந்து வந்தது. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் அதை மூட வேண்டும். அது காணிக்கைக்கு முன்னால் வருவதற்குக் காரணம் மத்தேயு 5:23-24: சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு. வரப்புத் தகராறில் பேசாமலிருக்கும் இரண்டு வீட்டார் ஒரே வரிசையில் உட்கார்ந்து எதிரெதிர்ப் பக்கம் திரும்பிக் கை கொடுத்தால், பயிற்சி எங்கே தோற்கிறது என்று போதகருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

கோவிலூர் ரோடு:

கத்தோலிக்கப் பக்கமிருந்து கொஞ்சம். திருப்பலியின் (நீங்கள் திருவிருந்து ஆராதனை என்பது) எலும்புக்கூடும் இதேதான்: வார்த்தை வழிபாடு, பிறகு நற்கருணை வழிபாடு. இது நேற்று வந்ததல்ல. சுமார் 155-ல் ரோமில் இருந்த யுஸ்தின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் ஞாயிறு கூடுகையை வரிசையாக எழுதியிருக்கிறார்: நேரம் இருக்கும்வரை வாசகங்கள், தலைவரின் போதனை, எல்லோரும் எழுந்து நின்று மன்றாட்டு, அப்பமும் ரசமும், மக்கள் சொல்லும் ஆமென். அதன்பின் இரண்டு விஷயம் சொல்கிறார். வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வழியாக அனுப்பப்படுகிறது. சேர்ந்த காணிக்கை அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையிலிருப்பவர்கள், வெளியூரார் ஆகியோருக்குப் போகிறது. உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது: வர முடியாதவர் ஆராதனைக்கு வெளியே இல்லை, ஆராதனைதான் அவரைத் தேடிப் போக வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு நற்கருணை கொண்டுபோகும்போது அன்றைய நற்செய்தியையும் வாசித்துக் காட்டினால் அவரும் அதே ஞாயிற்றுக்குள் இருக்கிறார்.

"ஒன்றும் உணரவில்லை" என்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குறை ஞாயிறு காலையில் இல்லை, சனிக்கிழமை ராத்திரியில். எங்கள் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாவது மாற்கு, மூன்றாவது லூக்கா; தவக்காலத்திலும் பாஸ்கா (உயிர்ப்பு) காலத்திலும் யோவான் அதிகம். அடுத்த ஞாயிற்றின் நற்செய்தி எது என்று ஒரு மாதம் முன்பே தெரியும். சனி ராத்திரி பத்து நிமிஷம் அதை வாசித்து, கண்ணில் தட்டிய ஒரு சொல்லைக் குறித்துக்கொண்டு படுத்தால், மறுநாள் அந்த வாசகம் புதிய செய்தியாக விழாது, ஏற்கெனவே தொடங்கிய பேச்சின் தொடர்ச்சியாக வரும். நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்னால் உணவை நிறுத்துகிறோம். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை. சின்ன விஷயம்தான். வயிறு ஞாபகப்படுத்துவதை மனசு தட்ட முடியாது.

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) வழிபாட்டில் மக்களின் முழுமையான, உணர்வுள்ள, செயல்முறையான பங்கேற்பைக் கேட்டது. நம் ஊரில் அதை எல்லோருக்கும் ஒரு வேலை கொடுப்பது என்று புரிந்துகொண்டோம். வாசிக்க ஒருவர், கூடை தூக்க நால்வர், பாட்டுக்குழு பத்துப் பேர். வேலை கிடைத்தவர் வேலையைப் பற்றியே யோசிக்கிறார், கிடைக்காதவர் வேடிக்கை பார்க்கிறார். கேட்பதும் பங்கேற்புதான். வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலின் பல்லவியை மனசோடு சொல்வதும், ஆமென் என்று வாய் திறந்து சொல்வதும் பங்கேற்புதான்.

1997-ல் உருவான தருமபுரி மறைமாவட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒன்றே. மலைப்பக்கக் கிளைக்கிராமங்களில் ஞாயிறுதோறும் திருப்பலி கிடைப்பது கடினம். அங்கே குருவானவருக்குப் பதில் உபதேசியார் வார்த்தை வழிபாட்டை நடத்துகிறார். அவர் செய்யக்கூடிய பெரிய தப்பு, திருப்பலியைப்போலவே நடத்திக்காட்ட முயல்வது. வாசகம், மௌனம், சிறு விளக்கம், நான்கிலிருந்து ஆறு மன்றாட்டு, கர்த்தர் கற்பித்த செபம், சமாதானம். 40 நிமிஷம். அதுவே நிறைவான வழிபாடு.

ஓசூர் ஜெபக்குழு:

பெரியவங்க எழுதினது சரிதான், ஆனா ஒன்று கேக்கணும். எழுதி வச்சதை வாசிக்கிறது ஆராதனையா? ஆவியோடும் உண்மையோடும்னுதானே யோவான் 4:24 சொல்லுது. 1 கொரிந்தியர் 14:26-ல ஒருத்தர் சங்கீதம், ஒருத்தர் போதகம், ஒருத்தர் வெளிப்படுத்தல்னு எல்லாரும் கொண்டு வர்றாங்க. அச்சடிச்ச தாள்ல அதுக்கு இடம் எங்கே? 50 நிமிஷம் துதிச்சா தப்பில்லைங்க. என்னத்தைத் துதிக்கிறோம்கிறதுதான் விஷயம். ஒரு ஞாயித்துப் பாட்டெல்லாம் எடுத்து வச்சு, "நான், என், எனக்கு" எத்தனை தடவை வருது, "நீர், உம்" எத்தனை தடவை வருது, அவர் செஞ்ச காரியம் எத்தனை வரியில இருக்குன்னு எண்ணிப் பாருங்க. படைப்பு, சிலுவை, உயிர்த்தெழுதல் மூணும் ஒரு வரியில கூட வரலைன்னா, அந்த 50 நிமிஷத்துல நாம பாடினது நம்மளைப் பத்தி.

ஒழுங்குமுறை:

எண்ணிப் பார்க்கும் யோசனை அருமை, அதை நானும் எடுத்துக்கொள்கிறேன். தாள் விஷயத்தில் மட்டும் உடன்பாடில்லை. சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே" என்றது சங்கீதம் 22-ன் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை" என்றது 31:5. உயிர் போகும் நேரத்தில் வாயில் வந்தது மனப்பாடமான, எழுதப்பட்ட ஜெபம். அதில் ஆவி இல்லை, உண்மை இல்லை என்போமா? சுயமாக ஜெபிப்பவர்களையும் ஆறு வாரம் தொடர்ந்து கேளுங்கள். அதே தொடக்கம், அதே நான்கு சொற்றொடர், அதே முடிவு. அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன அதே அதிகாரம் 40-ம் வசனத்தில் "நல்லொழுக்கமாயும் கிரமமாயும்" என்றுதான் முடிகிறது. பரிந்துபேசும் ஜெபத்தின் நடுவில் 2 நிமிஷம் யாரும் சுயமாகச் சொல்லலாம் என்று திறந்து வையுங்கள். இரண்டுக்கும் இடம் இருக்கும்.

கீபோர்டு:

பாட்டைப் பற்றி யாரும் வேலைக்காகும் விவரம் சொல்லவில்லை. சபை பாடாததற்கு முதல் காரணம் பக்தி குறைவு இல்லை, சுருதி. ஒலிப்பதிவில் தனிப்பாடகர் பாடிய சுருதியிலேயே வாசிக்கிறார்கள். கலந்த சபைக்குப் பாட்டின் அடி ஸ்வரம் மிடில் சி-க்குக் கீழே உள்ள ஏ, உச்சம் மேல் சி-க்கு அடுத்த டி. இதற்குள் அடங்க வேண்டும். ஆண்கள் தானாக ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். உச்சம் அதைத் தாண்டினால் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானில் மூன்று, நான்கு படி இறக்குங்கள். சரணத்தில் கூட்டத்தின் சத்தம் சட்டென்று விழுந்தால் அங்கேதான் சுருதி எட்டவில்லை என்று அர்த்தம்.

புதுப்பாட்டு மாதத்துக்கு ஒன்று, தொடர்ந்து நான்கு வாரம். வாரம் மூன்று புதுசு என்றால் சபை ரசிகர் கூட்டம் ஆகிவிடும். கீர்த்தனையில் பல்லவியை எல்லோரும், சரணத்தை ஒரு பக்கம் பாடி மறுபக்கம் வாங்கினால் மூச்சும் மிஞ்சும், சொல்லும் காதில் விழும். ஏழு சரணமும் பாட வேண்டாம், ஆனால் கதை பாதியில் நிற்கும்படி வெட்டாதீர்கள். சிலுவை வரை வந்து உயிர்த்தெழுதல் சரணத்தை விட்டுவிடுகிற பாட்டுக்குழு உண்டு. 45 பேர் உள்ள ஓட்டுக் கூரைக் கட்டடத்துக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர் தேவையே இல்லை. பக்கத்தில் நிற்பவர் பாடுவது கேட்காவிட்டால் யாரும் பாடமாட்டார்கள். வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் மைக் இருக்கட்டும். பாட்டுக்கு நடத்துபவர் ஒருவருக்கு மட்டும் மைக், அதுவும் முதல் வரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வாயிலிருந்து தள்ளிப் பிடிக்கட்டும்.

சி ஷிப்ட்:

ஷிப்ட்காரர்களுக்கு. ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2, பி 2 முதல் 10, சி 10 முதல் 6. வாரம் மாறினால் தூக்கமும் மாறும், ஆகவே "தினம் காலை 5 மணிக்கு ஜெபம்" என்ற அறிவுரை இரண்டாவது வாரமே செத்துவிடும். மணியோடு கட்டாமல் செயலோடு கட்டுங்கள். திதாகே என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறது. கம்பெனி பஸ் ஏறியதும், சாப்பாட்டு இடைவேளையில், படுக்கும் முன். இடம் மாறினாலும் இந்த மூன்றும் எல்லா ஷிப்டிலும் வரும்.

படுக்கும் முன் மட்டும் 12 நிமிஷம் எடுங்கள். ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஞாயிறு சுவிசேஷத்தில் நான்கைந்து வசனம். அன்று செய்த தப்பைப் பேர் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள், "எல்லாப் பாவங்களையும்" என்று மொத்தமாகக் கட்டிக் கொடுக்காதீர்கள். மூன்று பேருக்காக ஜெபியுங்கள், அதில் ஒருவர் உங்களுக்கு ஆகாதவராக இருக்கட்டும். எந்தச் சங்கீதம் என்று தேட வேண்டாம், தேதியோடு 30-ஐக் கூட்டிக்கொண்டே போங்கள்: 7-ம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தில் ஒன்றை எடுக்கலாம். ஐந்தையும் வாசித்தால் மாதத்தில் 150-ம் முடியும். 29-ம் தேதி மட்டும் மாட்டுவீர்கள், 119 வந்து நிற்கும், 176 வசனம். அதை 31-ம் தேதிக்குத் தள்ளுங்கள், அல்லது எட்டெட்டு வசனமாக 22 நாளுக்குப் பிரியுங்கள்.

போனில் நேரலை பார்ப்பது படுக்கையில் இருப்பவருக்கு நல்லது. ஆரோக்கியமாக இருப்பவர் அதையே வழக்கமாக்கினால் எழுந்து நிற்பதும், பதில் சொல்வதும், காணிக்கை கொடுப்பதும், பக்கத்து ஆளின் முகம் பார்ப்பதும் போய்விடும். எபிரெயர் 10:25 சபை கூடிவருதலை விடக்கூடாது என்பதற்குக் காரணமே ஒருவருக்கொருவர் புத்திசொல்லுவதுதான். பெங்களூரில் வேலை பார்ப்பவர் அங்கே ஒரே சபையாகப் பார்த்து, ஊருக்கு வராத ஞாயிறெல்லாம் அங்கேயே போகட்டும். வாரம் ஒரு சபையாகச் சுற்றினால் யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அதுதான் அதில் வசதியும் கோளாறும்.

பாலக்கோடு வாசகர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். அறுப்பின் பண்டிகையில் கேழ்வரகு, புளி, தக்காளிக்கூடை, மாம்பழம் எல்லாம் வரும். ஏலம் ஆராதனைக்கு நடுவிலேயே ஒரு மணி நேரம் ஓடும். இன்னொன்று, வாலிபர்களில் ஒருவனுக்கு மாதக்கணக்கில் எதுவும் ஒட்டவில்லை. ஒழுங்காக வருகிறான், உட்காருகிறான், போகிறான்.

ஒழுங்குமுறை:

ஏலத்தை ஆசீர்வாதத்துக்குப் பிறகு வெளியே வையுங்கள். உள்ளே உபாகமம் 26:1-11-ஐ அப்படியே செய்யலாம். முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும் விவசாயி சும்மா வைத்துவிட்டுப் போவதில்லை. அவன் சொல்ல வேண்டிய வார்த்தைகளையே மோசே கொடுத்திருக்கிறார்: முற்பிதா அலைந்தது, எகிப்தில் அடிமைப்பட்டது, கர்த்தர் விடுவித்தது, இந்த நிலத்தைக் கொடுத்தது, இதோ இதின் கனி. விளைச்சலைத் தன் சாமர்த்தியத்தோடு சேர்க்காமல் மீட்பின் கதையோடு சேர்க்கப் பழக்குகிறது. 11-ம் வசனம் லேவியனும் (ஆலய ஊழியக் கோத்திரத்தான்) அந்நியனும் கூடச் சேர்ந்து சந்தோஷப்படுவதில் முடிகிறது. அசனப் பந்தியில் சபைக்கு வெளியே உள்ள அக்கம்பக்கத்தாருக்கும் இலை போடுங்கள். ஏலத்தில் கௌரவத்துக்காக ஒரு பூசணியை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடுவதை என்ன செய்வது என்பது தனித் திரி போட வேண்டிய சங்கதி.

அந்தத் தம்பி விஷயத்தில் முதலில் உடம்பைப் பாருங்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு சி ஷிப்ட் முடிந்து 9 மணிக்கு வந்து உட்கார்ந்தால் யாருக்கு என்ன ஒட்டும்? அடுத்து, யாரோடாவது பேசாமல் இருக்கிறானா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால், உணர்ச்சியை வரவழைக்கச் சத்தத்தைக் கூட்டாதீர்கள், அவனை எழுப்பி நிறுத்தி ஜெபிக்காதீர்கள். சங்கீதம் 88-ஐக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். புலம்பி முடிக்கும்போது வேறு சங்கீதங்களில் வரும் துதி இதில் வராது, இருளிலேயே முடியும். அதையும் ஜெபமாகத்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒட்டாவிட்டாலும் வந்து உட்காருகிறான் இல்லையா, அதுவே அவன் கொடுக்கும் பலி. தூக்கம், சாப்பாடு, வேலையில் நாட்டம் எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் போயிருந்தால் மட்டும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், உபவாச ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஓசூர் ஜெபக்குழு:

தெலுங்கு, கன்னடம் பேசுறவங்க சபையில இருந்தா, பரமண்டல ஜெபத்தை (மேல சொன்ன கர்த்தருடைய ஜெபம்தான்) அவங்கவங்க மொழியில ஒரே நேரத்துல சொல்ல வைங்க. எங்க பக்கம் இது நல்லா நடக்குது. எல்லாரையும் ஒண்ணா முடிக்கணும்னு அவசரப்படுத்தாதீங்க, ஆமென் மட்டும் சேர்ந்து வந்தா போதும்.

பாலக்கோடு வாசகர்:

போதகரிடம் பேசியாயிற்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்றார். வர்ற ஞாயிறு பாவ அறிக்கைக்கு முன் ஒரு நிமிஷ மௌனமும், வாசிப்பு மூன்றும் மட்டும். கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம்தான் சொல்ல வேண்டும், கையை எடுத்து மடியில் வைக்கச் சொல்லி.

கீபோர்டு:

வால்யூமை அல்ல, சுவிட்சையே அணைக்கச் சொல்லுங்கள். 60 வினாடியைப் போதகர் கடிகாரம் பார்த்து எண்ணட்டும், உத்தேசமாக எண்ணினால் 15-ல் முடித்துவிடுவார். முதல் வாரம் 20-வது வினாடியில் யாராவது "ஸ்தோத்திரம்" என்று சொல்லி உடைப்பார்கள். எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.